பேட்டரி போட்டால் லேசாகிற மெஷின்

கொம்பையா அண்ணனின் வலது தோள்பட்டை, ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பேங்க் மேனேஜர் வீட்டு ஹாலில் தரையிலிருந்து ஒன்பதடி உயரத்தில், இனிமேல் என்னால் ஆகாது என்று முடிவெடுத்துவிட்டது. அப்போது அண்ணன் ஸ்கிரீன் கம்பிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். மூன்று கிலோ எடையுள்ள பழைய ஹேமர் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த கை, யாரிடமும் கேட்காமல், அவசரமும் படாமல், மெல்லக் கீழே இறங்க, ஓடிக்கொண்டிருந்த மெஷினும் கூடவே இறங்க, புதுப் பெயின்ட் அடித்த சுவரில் ஒரு முழ நீளத்துக்கு வாய்க்கால் விழுந்தது. மேனேஜர் வீட்டம்மா அந்த இடத்தில் பெரிய காலண்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு பெருந்தன்மையாக இருந்துவிட்டார். ஆனால் வெயிலுகந்தபுரம் முழுக்கச் சேதி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பரவிவிட்டது.

கொம்பையா அண்ணன் மேலே, அவர் பெண்சாதி செல்லக்கனி மதினி கீழே. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரில் இருக்கிற ஃபேன் கொக்கி, அலமாரி, லாஃப்ட் கதவு, டிவி ஸ்டாண்டு, திருடனைப் பிடிக்கிற கேமரா அத்தனையும் இப்படித்தான் மாட்டப்பட்டவை. ஏணி பிடிப்பதென்றால் சும்மா நிற்பது என்று நினைக்கிறவர்கள் ஏணியில் ஏறாதவர்கள். மதினி செருப்பைக் கழற்றிவிட்டு, இடது பாதத்தை முதல் படியில் வைத்து அழுத்தி, இரண்டு கையாலும் ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேலே நிற்கிற மனுஷனின் பாரம் அலுமினியம் வழியாக இறங்கி அவள் உள்ளங்கைக்கு வந்து சேரும். அதை வைத்தே காலையில் மூன்று இட்லியோடு எழுந்துவிட்டாரா, இன்றைக்கு எந்த முழங்கால் வலிக்கிறது, சட்டைப் பையில் ஆணி இருக்கிறதா பீடி இருக்கிறதா என்பதெல்லாம் சொல்லிவிடுவாள். பீடி என்று சொன்ன ஒருநாள் அண்ணன் இறங்கி வந்து பையைக் காட்டினார். இரண்டு பீடி இருந்தன.

அதைவிடப் பெரிய விஷயம் பேச்சு. வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. சண்டை, மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. அண்ணனுக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு, கை வேலையாக இருந்தால்தான் வாய் திறக்கும். மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுக்கலாம் என்று முடிவானது ரெஜிஸ்ட்ரார் வீட்டு லாஃப்டுக்குக் கீழே. தன் அம்மா செத்த துக்கத்தை மதினி அழுது தீர்த்தது, பள்ளிக்கூடத்து மணிக்குக் கொக்கி அடித்த அன்றைக்கு. மருமகன் பேரில் அண்ணனுக்கு இருந்த கோபம் ஒரு மருந்துக்கடை போர்டு மாட்டி முடிப்பதற்குள் தணிந்தது. வேலைக்குக் கூப்பிட்ட நாங்களெல்லாம் மேற்பார்வை என்ற பேரில் பக்கத்தில் நின்று, வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டிருக்கிறோம்.

தோளைப் பார்த்த டாக்டர், தலைக்கு மேலே ஒன்றரைக் கிலோவைத் தாண்டி எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் நீங்கள் என்னிடம் வர வேண்டும், உங்கள் ஏணி பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை இரண்டு பேரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஜெபமணி அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்கு வந்தார்கள். என் ஜெராக்ஸ் கடை அதற்கு நேர் எதிரே இருக்கிறது. நகல் எடுக்க ஆள் வராத நேரத்தில் எதிர்க்கடையைப் பார்ப்பதுதான் என் தொழில்.

“வயர் இல்லாத மெஷினா? இந்தா, ஒரு கிலோ நூறு கிராம். பூ மாதிரி” என்று அண்ணாச்சி முதல் மெஷினை ஆணி நிறுக்கும் தராசில் வைத்தார்.

“பேட்டரிய எங்க அண்ணாச்சி?” என்றாள் மதினி.

“அது தனியால்லா இருக்கு.”

“தனியா இருந்தா மெஷின் ஓடுமா? பானைய வுட்டுட்டு மூடிய மட்டும் நிறுக்கியளே. மாட்டி நிறுங்க.”

மாட்டி நிறுத்தால் இரண்டு கிலோவுக்குப் பத்துக் கிராம் குறைவு. அண்ணாச்சி பெட்டியை மூடினார். மதினி அதோடு விடவில்லை. தராசை நான் நம்ப மாட்டேன், என் கையைத்தான் நம்புவேன் என்று கடைக்கு நடுவே ஏணியை விரித்து, அண்ணனை ஒவ்வொரு மெஷினோடும் ஏறச்சொல்லி, கையைத் தலைக்கு மேலே நீட்டச்சொல்லி, தான் கீழே பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். இரண்டாவது மெஷின் எடை சரிதான், ஆனால் மூக்குக் கனம், முன்பக்கம் இழுத்து மணிக்கட்டை ஒடிக்கும் என்றாள். மூன்றாவது லேசானது, ஆனால் அது சுற்ற மட்டும்தான் சுற்றும், இடிக்காது. மரத்துக்கு ஆகும், செங்கல்லைக் கண்டால் அழும் என்று அண்ணனே மேலிருந்து சொன்னார். நாலாவதில் பெரிய பேட்டரியைப் போட்டால் கனக்கிறது, சின்னதைப் போட்டால் நாலு துளையில் செத்துவிடுகிறது. இதற்குள் பெயின்ட் வாங்க வந்தவர், பைப் வாங்க வந்தவர், ஒன்றும் வாங்க வராதவர் எல்லாரும் ஏணியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

ஐந்தாவது மெஷின் கல்லாவுக்கு அடியில், பேர் அழிந்துபோன பச்சைப் பெட்டியில் இருந்தது. பேட்டரி இல்லாமல் தராசில் வைத்தார், ஒரு கிலோ இருநூறு. பேட்டரி மாட்டி வைத்தார், தொள்ளாயிரம் கிராம்.

அண்ணாச்சி தராசைத் தட்டினார். இரண்டு அங்குல ஆணியை அள்ளிப் போட்டு நிறுத்துப் பார்த்தார், தராசு ஒழுங்காகத்தான் இருந்தது. மறுபடியும் மெஷினை வைத்தார், அதே தொள்ளாயிரம். அண்ணன் அதைக் கையில் பிடித்து ஏறினார். மதினி வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“இதுல சார்ஜ் எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?”

“நாலு வெளக்குல ரெண்டு எரியுது. பாதின்னு வச்சுக்கிடுங்க.”

“பாதிக்கே மனுசன் காலி வயித்தோட நிக்காப்ல இருக்காரு. இதையே கட்டுங்க.”

அண்ணாச்சிக்கு மனசாட்சி உண்டு. அன்று சாயங்காலமே டீலருக்குப் போன் போட்டு, பேட்டரி மாட்டினால் எடை குறைகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். எடை கூடினால் மாற்றித் தருவோம், குறைந்தால் அது கம்ப்ளைண்டில் வராது என்று பதில் வந்தது. இதற்கு மேல் காரணம் தேடுவதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் பொழுது இல்லை. இன்றுவரை தேடவும் இல்லை.

முழுச் சார்ஜ் ஏற்றி அண்ணன் முதலில் போனது சத்துணவு டீச்சர் வீட்டுக்கு. ஏணியின் ஐந்தாம் படியில் நின்று கையைத் தூக்கினார். கை தூக்கியது, கூடவே அவரும் தூக்கப்பட்டார். செருப்பு இரண்டும் படியிலேயே இருக்க, அண்ணன் மட்டும் கூரைக்குப் போய், முதுகு கான்கிரீட்டில் இலேசாக இடித்து நின்றார். கீழே மதினியின் கையில் ஏணி ஆளில்லாத ஏணியாக ஆகிவிட்டது. டீச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கேயே இருக்கும்போது ஃபேனுக்கு மேலே இருக்கிற ஒட்டடையையும் கொஞ்சம் தட்டிவிடுங்கள் என்றார்.

இரண்டு நாளில் அதன் நடைமுறை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நாலு விளக்கும் எரிந்தால் ஆள் கூரை வரைக்கும் போகலாம். மூன்று எரிந்தால் ஜன்னல் உயரம். இரண்டுக்கு வந்தால் கால் தரையில். மேலே போய்விட்டால் துளை போட்டுச் சார்ஜைச் செலவழித்தால்தான் கீழே வர முடியும், சும்மா இருந்தால் சும்மா அங்கேயே தொங்க வேண்டியதுதான். வேலையை முடிக்காமல் டீ குடிக்க இறங்க முடியாத ஒரு தொழிலாளியை ஊரில் உள்ள வீட்டுக்காரர்கள் அதற்கு முன் கண்டதில்லை. அண்ணனுக்கு வேலை குவிந்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மாடி வீட்டுப் பெண்கள் ஜன்னலுக்குத் திரை போட்டார்கள், ஏனென்றால் கொம்பையா அண்ணன் எந்த நேரத்தில் எந்த ஜன்னல் வழியாகக் கடந்து போவார் என்று சொல்ல முடியவில்லை. அந்தத் திரைக்குக் கம்பி மாட்டவும் அவரையே கூப்பிட்டார்கள். இரண்டாம் வாரம், உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்திருந்தவர்கள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்று, மெஷினைக் கையில் பிடித்தபடி தராசில் ஏறி, வந்த எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஜெபமணி அண்ணாச்சி நூற்றெட்டுக் கிலோ. நாலு விளக்கு எரிகையில் பிடித்தும் அவருக்குக் குதிகால் மட்டும்தான் எழும்பியது, அதற்கே அவர் கண் கலங்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் புவியீர்ப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்த சார் ஜன்னலுக்கு வெளியே அண்ணன் போவதைப் பார்த்து, பரீட்சைக்கு மட்டும் புத்தகத்தில் இருக்கிறபடி எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஜவுளிக்கடை மூன்றாம் மாடி போர்டு மாட்டிய அன்றைக்குத் தலைக்கு மேலே கூரை இல்லாததால் அண்ணன் போர்டையும் தாண்டிக் கொஞ்சம் போய்விட்டார். கடைப் பையன்கள் மொட்டைமாடியிலிருந்து வேட்டி ஒன்றை வீசிப் பிடித்து இழுத்தார்கள். அந்த வேட்டியைத் தள்ளுபடியில் வாங்க அடிதடி நடந்தது.

கட்டடத் தொழிலாளர் சங்கம் கூடியது. உயரத்தில் வேலை செய்கிறவர் பாதுகாப்புப் பெல்ட் போட வேண்டும் என்பது விதி. பெல்ட்டை எதில் கட்டுவது என்பது கேள்வி. மூன்று மணி நேரம் வாதாடி, மேலே போகிறவரை ஒரு கயிற்றால் தரையில் இருக்கிற பொறுப்பான நபரோடு கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பொறுப்பான நபர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செயலாளர் கயிற்றோடு போனபோது மதினி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“கட்டுன புருசனக் கயித்துல கட்டி இழுத்துட்டுத் தெருத்தெருவாப் போக நான் என்ன ஆடா மேய்க்கேன்? எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

சொன்னாளே தவிர, அன்றைக்கு அவள் குரலில் பழைய காரம் இல்லை என்று செயலாளரே என் கடையில் வந்து சொன்னார். காரணம் எங்களுக்குத் தெரியும். முதல் நான்கைந்து நாள் மதினி பழக்கத்தில் கூடவே போனாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏணி இல்லாத இடத்தில், எதைப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் வயிற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டாள். மேலே மெஷின் இடிக்கிற சத்தம், கூரைக்குள் முட்டி அதுவே திரும்ப வருகிற சத்தம். அண்ணனுக்குக் காதில் விழவில்லை. ஏணி இருந்த காலத்திலும் அதே சத்தம்தான், ஆனால் அப்போது அவள் பேச்சு எப்படியோ படி வழியாக ஏறிப் போனது. ஆறாம் நாள் அண்ணன், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“இனி நீ எதுக்கு வெயில்ல நிக்க? ஏணிதான் வேண்டாம்லா. வீட்ல இரி. உனக்கும் வயசாவுதுல்லா.”

இதைவிடக் கெட்டதை ஒரு மனுஷன் நல்ல எண்ணத்தோடு சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. மதினி ஏணியைக் கழுவி, மடக்கி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் சாத்தினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ‘சாப்பாடு’ என்று ஒரு குரலும் ‘ம்’ என்று ஒரு குரலும் மட்டும் கேட்டன. ஒரு மாதம் அப்படிப் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்குப் பொறுப்பான ஆள் வேண்டும், அங்கேயே தங்க வேண்டும், தங்க அறை உண்டு, மாதம் ஒருநாள் ஊருக்கு வரலாம். மதினியின் சித்தி மகள் சொல்லி வைத்திருந்தாள். முன்பு இரண்டு தடவை கேட்டபோது, ஏணிய யாரு புடிப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் மதினி. இந்தத் தடவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஹாஸ்டல்காரர்கள் கேட்ட ஆதார் நகல் எடுக்க அவள் என் கடைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

“அண்ணன் என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

“எங்க வச்சு கேக்க?” என்றாள்.

அவள் கேட்டதில் இருந்த நியாயம் என்னைச் சுட்டது. நகலுக்குக் காசு வாங்கவில்லை என்பதைத் தவிர நான் அவளுக்கு வேறு ஒன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை அண்ணனுக்குப் புதுச் சந்தைக் கட்டடத்தில் வேலை. முப்பதடி உயரக் கூரை, குறுக்கே கான்கிரீட் உத்திரங்கள், ஒவ்வொன்றிலும் பெரிய ஃபேனுக்குக் கொக்கி. அப்படிப்பட்ட வேலை என்றால் ஊர் வேடிக்கை பார்க்க வந்துவிடும். காய்கறிக்காரர்கள் கடையை விரித்தபடியே அண்ணாந்திருந்தார்கள், ஜெபமணி அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குத் தூக்குச்சட்டியோடு மதினி வந்தாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வேலை நடக்கிற இடத்துக்கு வந்தாள். உத்திரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள்.

“ஏங்க! மதுரையில இருந்து கேக்காக!”

“என்னது?”

“ஹாஸ்டல்ல வேலை! அங்கனயே தங்கணுமாம்! நாளைக்குள்ள சொல்லணும்!”

“ஒண்ணும் கேக்கல ட்டி! வீட்ல வந்து பேசிக்கிடலாம்!”

 எங்களுக்கெல்லாம் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருந்தது. வீட்டில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டு, கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டாள். மதினி ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, சார்ஜரில் இன்னொரு பேட்டரி இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு துளை முடிந்து நாலரை மணிக்கு அண்ணன் தரைக்கு வந்தார். மதினி சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்தாள். அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்ததும் எழுந்து போய், மெஷினில் இருந்த பேட்டரியைக் கழற்றினாள், சார்ஜரில் இருந்த இன்னொன்றை மாட்டினாள். நாலு விளக்கும் எரிந்தன. செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக விட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றித் தலைக்கு மேலே தூக்கினாள், யாரும் ‘என்ன மதினி’ என்று கேட்பதற்குள் போய்விட்டாள்.

பதறாமல், கை கால் உதறாமல், மாடிப்படி ஏறுகிற நிதானத்தில் போனாள். அண்ணனை விட அவள் எடை குறைவு என்பதால் கொஞ்சம் வேகமாகவே போனாள். உத்திரத்தருகே போனதும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, கூரைக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் முகத்தை வைத்து வெளியே பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு, குளம், ரயில் தண்டவாளம், தன் வீட்டு மொட்டைமாடி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட ஏணியில் ஏறியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்தார்.

“ஏட்டி! எறங்கு. வெளையாடாத.”

“கேக்கல” என்றாள் மதினி.

“எறங்குன்னு சொல்லுதேன்!”

“சத்தமாச் சொல்லுங்க. மேல ஒண்ணும் கேக்கல.”

அண்ணன் அவளுக்கு நேர் கீழே போய் நின்றார். அவள் உத்திரத்தைப் பிடித்தபடி இடதுபக்கம் நகர்ந்தாள், அவரும் இடதுபக்கம் நகர்ந்தார். வலதுபக்கம் வந்தாள், அவரும் வந்தார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. சோறு காய்ந்த வலது கையையும் சும்மா இருந்த இடது கையையும் முன்னால் நீட்டி, எதையோ பிடிக்கப் போகிறவர் போல நின்றார். அந்த நிலையை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு மாதத்துக்கு முன்பு அவள் நின்ற நிலை அது.

“மதுரைக்கெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார். குரல் பத்தடி உயரம்கூடப் போகவில்லை.

“மதுரைக்கு எதுக்குங்காவ!” என்று கத்தரிக்காய் அம்மா மேலே பார்த்துக் கத்தினாள்.

“நீங்க சொல்லாதீய. அவுகளச் சொல்லச் சொல்லுங்க” என்று பதில் வந்தது.

அண்ணன் எங்களைப் பார்த்தார். முகத்தைப் பார்த்துப் பேச வராத மனுஷனுக்கு இருநூறு முகங்கள். தலையை அண்ணாத்திக் கூரையைப் பார்த்தார். கூரையில் அவள் இருந்தாள்.

“நீ போனா… தோசைக்கல்லு எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியாது.”

கூட்டம் முழுக்க ‘ச்சே’ என்றது. ஜெபமணி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

“அடுப்புக்குக் கீழ. பொறவு?” என்றாள் மதினி.

“நீ போனா ஏணிய யாரு புடிப்பா?”

“ஏணியே இல்லியே.”

இதெல்லாம் மட்டும் அவளுக்கு எப்படிக் கேட்டது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.  பிறகு, எங்கள் ஊரில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு பெரிய குரலில், அவருடையதுதானா என்று சந்தேகம் வருகிற குரலில் சொன்னார்:

“எனக்கு உசரம்னா பயம் ட்டி!”

கண்ணைத் திறக்காமலே அண்ணன் மேலும் சொன்னார்.

“மொதநாளு ஏணியில கால் வச்சப்பவே பயம். மூணாம் படிக்கு மேல போனா கீழ பாக்கவே மாட்டேன். நீ கீழ புடிச்சிருக்கங்கிற தைரியத்துலதான் இம்புட்டு வருசமும் ஏறுனேன். வாய் ஓயாமப் பேசுனதும் அந்தப் பயத்துலதான். இந்த மெஷினப் புடிச்சிட்டுப் போவையில கண்ண இறுக்க மூடிக்கிட்டுப் போறேன் ட்டி, முருகா முருகான்னு சொல்லிக்கிட்டுப் போறேன். கண்ண மூடிக்கிட்டுத்தான் ஓட்டயும் போடுதேன்!”

ஒரு மாதமாக ஊரில் எல்லார் வீட்டு ஃபேனும் ஏன் ஒருபக்கம் சாய்ந்து சுற்றுகிறது என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.  அந்த நேரத்தில் ஃபேனைப் பற்றிப் பேச எங்களுக்கு அவ்வளவு கல்மனது இல்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

“பொறவு ஏன் என்ன வீட்ல இரின்னீய?” மதினியின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

“உனக்குக் கால் வலிக்குமேன்னு. ராத்திரி நீ தைலம் தேய்க்கையில பாத்தேன்.”

“பாத்தீயள்லா? அப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன?”

அண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கி நீட்டினார். தோள் வலியில் வலது கை பாதியிலேயே நின்றது, அதை இடது கையால் தாங்கிப் பிடித்து இன்னும் தூக்கினார்.

“மதுரைக்குப் போவாத” என்றார்.

“கேக்கல.”

“போவாத ட்டி!”

“என்ன ட்டி? எனக்குப் பேரு இல்லியா?”

“செல்லக்கனி! போவாத!”

கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. கத்தரிக்காய் அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அண்ணன் நிறுத்தவில்லை, ஒரு மாதத்துக் கடையடைப்பு முடிந்துவிட்டது. மகள் இரண்டாம் பிள்ளை உண்டாகியிருக்கிற சேதி வந்ததை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவதென்று தெரியாமல் கூரையிடம் சொன்னதை, அவள் வைக்கிற ரசத்தில் இப்போது உப்புக் குறைகிறது, அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாளோ என்று பயந்ததை, எல்லாவற்றையும் எங்கள் முன்னாலேயே கத்திச் சொன்னார்.

ஜெபமணி அண்ணாச்சிதான் நடைமுறை தெரிந்தவர். நாற்காலியை விட்டு எழுந்து, வாய்க்கு இருபுறமும் கை குவித்துக் குரல் கொடுத்தார்.

“தங்கச்சி! சுவிட்ச அமுக்கு! ஓட்ட போடுத பிட்ட உத்திரத்துல வச்சு அமுக்கு, சார்ஜ் எறங்கும், நீயும் கீழ வந்துரலாம்!”

“சுவிட்ச அமுக்குங்க!” என்று நாங்களும் கத்தினோம்.

மதினி எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உத்திரத்தின் மேலேயே ஏறி வசதியாக உட்கார்ந்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, சுவிட்சில் விரல் படாதபடி அதைச் சேலைத் தலைப்பால் சுற்றினாள். நாலு விளக்கும் துணி வழியாகத் தெரிந்தன.

“நீங்க சொல்லுங்க. ரசத்துல உப்பு இல்ல. பொறவு?” என்றாள்.